உருளையா, சர்க்கரைவள்ளியா? கிழங்குக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வணக்கம் அம்மா. உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு இரண்டில் எதில் சத்து அதிகம்?

எந்தச் சத்து என்று கேளுங்கள், சொல்கிறேன். வேகவைக்காத 100 கிராம் உருளையில் சுமார் 77 கலோரி, சர்க்கரைவள்ளியில் 86. மாவுச்சத்து உருளையில் 17 கிராம், சர்க்கரைவள்ளியில் 20. நார்ச்சத்து முறையே 2 கிராம், 3 கிராம். புரதம் இரண்டிலும் சொற்பம். இதுவரை சண்டை போட ஒன்றுமில்லை. வைட்டமின் சி என்று வந்தால் உருளையில் ஏறத்தாழ 20 மில்லிகிராம், சர்க்கரைவள்ளியில் 3கூட இல்லை. பொட்டாசியமும் உருளையில்தான் கூடுதல். உருளையை ‘வெறும் மாவு’ என்று ஏசுபவர்கள் அயர்லாந்தைப் பார்க்க வேண்டும். 1845இல் அங்கே உருளைப் பயிர் நோய் தாக்கி அழுகத் தொடங்கியது. பஞ்சத்தின் கூடவே, வைட்டமின் சி குறைவால் ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வியும் வந்தது. அதுவரை அந்த ஏழைகளைக் காத்துவந்தது உருளைதான்.

பச்சை படர்ந்த உருளையை மட்டும் வாங்காதீர்கள்.

கேள்வி: சர்க்கரைவள்ளியில் வைட்டமின் ஏ கொட்டிக் கிடக்கிறது என்கிறார்களே?

வெட்டிப் பாருங்கள். பொங்கலுக்கு நம் சந்தையில் குவியும் கிழங்கின் தோல் செக்கச்செவேல் என்றிருக்கும். உள்ளே பெரும்பாலும் வெள்ளை. வைட்டமின் ஏ கணக்குக்குத் தோலின் நிறம் உதவாது. எல்லோரும் பகிரும் அந்தப் பெரிய எண்கள் ஆரஞ்சு நிறச் சதை உள்ள கிழங்குக்கு உரியவை. அதில் 100 கிராமுக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் பீட்டா கரோட்டின் உண்டு; உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பெரியவர் ஒருவரின் ஒரு நாள் தேவையில் பாதிக்கு மேல் அதிலேயே கிடைத்துவிடும். வெள்ளைக் கிழங்கில் அது பெயரளவுக்குத்தான்.

இந்த நிற வேறுபாட்டை வைத்தே ஆப்பிரிக்காவில் பெரிய வேலை நடந்தது. மொசாம்பிக், உகாண்டா போன்ற நாடுகளில் மக்கள் வெள்ளைக் கிழங்குதான் சாப்பிட்டு வந்தார்கள். குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ குறைபாடு. மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளாமல், ஆரஞ்சுக் கிழங்கின் கொடியை உழவர்களுக்குக் கொடுத்துப் பயிரிட வைத்தார்கள். அந்தப் பணிக்காக மரியா ஆண்ட்ரேட், ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோருக்கு 2016இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. சத்தேற்றிய பயிர்களுக்காக உழைத்த ஹோவர்த் பூயிஸும் அதைப் பகிர்ந்துகொண்டார். நம் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் ‘பூ சோனா’ என்ற ரகத்தைத் தந்திருக்கிறது. 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் அது கடைக்கு வரும். சமைக்கும்போது ஒரு கரண்டி எண்ணெயோ தேங்காயோ சேருங்கள்; கொழுப்பு இல்லாமல் கரோட்டினை உடல் சரியாக ஏற்காது.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். உருளையை நிறுத்திவிட்டுச் சர்க்கரைவள்ளி சாப்பிடலாமா?

அவித்ததாக இருந்தால் அளவோடு சாப்பிடலாம். அடுப்பில் சுட்டால் கதை வேறு. மெதுவாகச் சூடேறும்போது கிழங்கிலுள்ள நொதி மாவுச்சத்தை மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. சுட்ட கிழங்கு தேனாய் இனிப்பது அதனால்தான், ரத்தச் சர்க்கரை வேகமாக ஏறுவதும் அதனால்தான். எந்தக் கிழங்கானாலும் சாப்பிட்ட அளவுக்குச் சோற்றைக் குறையுங்கள். மருந்தின் அளவு பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோயாளிகள் எந்தக் கிழங்கு சாப்பிடலாம்?

மேலே இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் உருளைக்கிழங்கு காய்கறிக் கணக்கில் வராதா?

வராது. நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழம் சாப்பிடச் சொல்லும் உலக சுகாதார நிறுவனம், உருளை, சர்க்கரைவள்ளி, மரவள்ளி போன்ற மாவுக் கிழங்குகளை அதில் சேர்ப்பதில்லை. சாம்பார் சாதத்துக்கு உருளை வறுவல் என்றால் மாவுக்கு மாவு.

கேள்வி: காய்கறிக் கடையில்தானே விற்கிறார்கள்?

அங்கே தேங்காயும்தான் விற்கிறார்கள்.

கேள்வி: முதல் பதிலில் வைட்டமின் சி என்று புகழ்ந்தீர்கள், இப்போது காயே இல்லை என்கிறீர்கள். முரண்பாடாக இல்லையா?

நல்ல கேள்வி. அயர்லாந்துக்காரர்களுக்கு உருளைதான் சோறு. நாளுக்குக் கிலோக்கணக்கில் தின்றார்கள். அந்த அளவுக்கு வைட்டமின் சி போதும் போதும் என்று சேர்ந்தது. நாம் சோறு முழுதாகச் சாப்பிட்டுவிட்டு, ஓரத்தில் வைக்கும் கைப்பிடி வறுவலைக் காய் என்கிறோம். அவரைக்கும் புடலைக்கும் உரிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. சோற்றில் பாதியைக் குறைத்து அவித்த உருளை வையுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன்.

கேள்வி: கல்யாணப் பந்தியில் உருளைக்கிழங்கு காரக்கறி இல்லாவிட்டால் சம்பந்தி சண்டைக்கு வருவார்!

வரட்டும். பந்தியில் நானும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொள்வேன். வீட்டில் தினமும் பந்தி நடக்கிறதா என்ன?

கேள்வி: கேரட், பீட்ரூட், முள்ளங்கி?

மண்ணுக்கடியில் விளைந்தாலும் அவை காய்க் கணக்குதான். சேனை, சேப்பங்கிழங்கு மாவுப் பக்கம். இந்த வழக்கை இத்தோடு முடித்துக்கொள்வோம்.

கேள்வி: சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் சாப்பிடலாமா?

பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் இரண்டுமே கவனத்துக்குரியவை. தோல் சீவி, சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து நீரை வடித்தால் ஓரளவு குறையும். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

கேள்வி: குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?

இரண்டையும் வைக்காதீர்கள். குளிரில் உருளையின் மாவு சர்க்கரையாகும். பிறகு பொரித்தால் கருகிப்போய் அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருள் கூடும். சர்க்கரைவள்ளியோ நடுவில் வேகாமல் கட்டிதட்டிவிடும். காற்றோட்டமான இருட்டு மூலை போதும். வெளிச்சத்தில் வைத்தால் உருளை பச்சையாகும். பச்சை படர்ந்த கிழங்கில் சோலனின் நஞ்சு கூடியிருக்கக்கூடும், வேகவைத்தாலும் போகாது. பச்சை உருளையை ஏன் வாங்கக் கூடாது என்று யாராவது கேட்பீர்கள் என்று பார்த்தேன், கேட்கவில்லை.

கேள்வி: சர்க்கரை உள்ளவர்கள் உருளைக்கிழங்கு...

மூன்றாவது பதில்.

கேள்வி: சர்க்கரைவள்ளி இலையைச் சமைக்கலாமா?

தாராளமாக. அது வள்ளைக்கீரையின் இனம். இளந்தளிரைக் கிள்ளிப் பருப்போடு கடையலாம், அல்லது பொரியல் செய்யலாம். உருளைச் செடியின் இலையில் அதே சோலனின் உண்டு, தொடவே வேண்டாம்.