நீஸிலிருந்து எஸ் கிராமத்துக்கு அம்மாவுடன்: ரயில் வேண்டாம், பஸ்

ரயிலில் போகாதீர்கள். தெற்கு பிரான்ஸின் நீஸ் நகரில் வோபான் நிறுத்தத்திலிருந்து 82 எண் பஸ் பிடியுங்கள், கிராமத்தின் வாசலிலேயே இறக்கிவிடும். வோபானுக்கு டிராம் 1 போகிறது.

"ரயில் கால் மணி நேரம்தான், அப்புறம் ஏன் வரைபடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடை காட்டுகிறது?" என்று கேட்டிருந்தீர்கள். எஸ் என்ற பெயரில் இரண்டு இடம் உண்டு. ரயில் நிற்பது கடலோரத்து எஸ்‑சுர்‑மேர். நீங்கள் பார்க்க நினைக்கும் பழைய ஊர் அதற்கு மேலே, சுமார் 400 மீட்டர் உயரத்தில், பாறை உச்சியில் இருக்கிறது. இடையில் உள்ளது தத்துவஞானி நீட்சேயின் பெயர் கொண்ட மலை நடைபாதை. அழகான பாதைதான், ஆனால் செங்குத்து, கல்லும் முள்ளும். முழங்கால் வலி உள்ள அம்மாவை அதில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

வரைபடத்தில் வெறும் 'எஸ்' என்று தேடாமல் 'எஸ் வில்லாஜ்' என்று போட்டுப் பாருங்கள். பஸ் வழி வந்துவிட்டால் சரி.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பஸ் வாசல் வரைதான். உள்ளே வண்டி போகாது, எல்லாம் கல்படியும் சரிவும். உச்சியில், 1706-இல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி இடிக்க வைத்த கோட்டையின் இடிபாடுகளைச் சுற்றிக் கள்ளிச்செடித் தோட்டம் இருக்கிறது. கட்டணம் உண்டு. அங்கிருந்து தெரியும் கடலுக்காகவே போகலாம். அம்மாவால் முடிந்தவரை ஏறட்டும், நடுவில் தேவாலயத்தருகே உட்கார்ந்து ஓய்வெடுக்கலாம்.

கோடையில் பஸ் நிரம்பிவிடும், ஞாயிற்றுக்கிழமை குறைவாகவே ஓடும். காலையிலேயே கிளம்புங்கள், திரும்பும் கடைசி பஸ் நேரத்தை இறங்கியதுமே நிறுத்தத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.