மைனஸ் பவர் கூடிக்கொண்டே போகிறது, 9 வயது மகளுக்கு லென்ஸ் போட்டால் நிற்குமா?

தக்கலையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். முழுசாக நிற்காது, வேகம் குறையும்.

கண்விழி நீளமாக வளர்வதால்தான் கிட்டப்பார்வை கூடுகிறது. சாதாரண கண்ணாடி பார்வையைத் தெளிவாக்கும், அவ்வளவுதான். கிட்டப்பார்வை கூடுவதைக் குறைக்கவென்றே செய்த கான்டாக்ட் லென்ஸில் நடுப்பகுதி தூரப்பார்வைக்கு. சுற்றியுள்ள வளையங்கள் கொஞ்சம் ஒளியை விழித்திரைக்கு முன்னாலேயே குவிக்கும். அது கண் நீள்வதை மெதுவாக்குகிறது. மைசைட் என்ற இவ்வகை லென்ஸுக்கு அமெரிக்கா 2019இல் அனுமதி தந்தது. 3 வருட ஆய்வில் பவர் கூடுவது சுமார் 59 சதவீதம் குறைந்தது.

தினமும் புது ஜோடி. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த விரலால்தான் தொட வேண்டும். எனக்குப் பயம் தண்ணீர்தான். நம்ம ஊர்ப் பிள்ளைகள் குளத்தைக் கண்டால் குதித்துவிடுவார்கள். லென்ஸோடு குளத்திலோ திற்பரப்பு அருவியிலோ இறங்கவே கூடாது. அகாந்தமீபா என்ற கிருமி கருவிழியைப் புண்ணாக்கிவிடும். கண் சிவந்தால் உடனே கழற்றிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.