சிவப்பு கேலிப்பருக்கு முன்னால் ஒரு புட்டி பிரேக் ஆயில்

கேள்வி: அண்ணா, போன வருஷம் பழைய போலோ ஜிடிஐ கார் ஒன்று வாங்கினேன். போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கத்து டெஸி ரேஸ்வேயில் இரண்டு தடவை ஓட்டியாயிற்று. அடுத்தது ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துக் கியாலாமி தடம். நாலைந்து சுற்று ஓட்டியதும் பிரேக் மிதி கொழகொழவென்று கீழே போகிறது. டர்பன் கடை ஒன்றில் கேட்டேன். ஆறு பிஸ்டன் கேலிப்பர், பெரிய டிஸ்க் எல்லாம் சேர்த்து 42,000 ரேண்ட் என்றார்கள். "இது இல்லாமல் தடத்தில் இறங்கவே கூடாது" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம், தம்பி. உங்கள் கடிதத்தில் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள்: "கொழகொழ".

சக்கரத்தோடு சுழலும் தட்டுதான் டிஸ்க், அதை இரு பக்கமும் உரசுவது பேட், பேடை அழுத்தும் கவ்வி கேலிப்பர், உங்கள் கால் அழுத்தத்தை அங்கே கொண்டுபோவது பிரேக் ஆயில். தடத்தில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். ஒன்றில் மிதி கல் மாதிரி நிற்கும், எவ்வளவு அழுத்தினாலும் கார் நிற்காது. அது பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டதன் அடையாளம். இன்னொன்றில் மிதி பஞ்சாகி, கால் தரையைத் தொடும். அது ஆயில் கொதித்துவிட்டதன் அடையாளம். கேலிப்பருக்குள் ஆயில் ஆவியாகிக் குமிழியாக நிற்கும், நீங்கள் அழுத்துவதெல்லாம் அந்தக் குமிழியைத்தான். உங்களுக்கு நடந்தது இரண்டாவது. அதற்கு மருந்து சில நூறு ரேண்டில் கிடைக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 1,300 கிலோ கார் 180 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80க்கு இறங்கினால் அந்த ஒரே மிதியில் வெளியாகும் வெப்பம், நாலு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் பெரும்பங்கு முன்சக்கர பிரேக்குக்குப் போகும். ஒரு சுற்றில் இப்படி எத்தனை தடவை மிதிக்கிறீர்கள்? போதாக்குறைக்கு கியாலாமி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். காற்று மெலிந்தது, டிஸ்கை ஆற்றும் வேகமும் குறைவு. டர்பன் கடலோரத்தில் தாங்கிய பிரேக் அங்கே தாங்கும் என்று எண்ண வேண்டாம்.

இப்போது ஆயில். டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். அதே ஆயில் நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் இழுத்துக்கொண்டால் 155 டிகிரி போதும் என்று அதே தரம் ஒத்துக்கொள்கிறது. இந்த ஆயிலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் பிறவியிலேயே உண்டு, நம்ம டர்பன் புழுக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழைய கார் என்கிறீர்கள். முந்தைய சொந்தக்காரர் கடைசியாக எப்போது மாற்றினார் என்று சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறதா? கேலிப்பரில் ஆயிலை வெளியே விடும் நிப்பிள் ஒன்றைத் திறந்து வெள்ளை டப்பாவில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். புது ஆயில் வெளுத்த தேன் நிறத்தில் இருக்கும். ரூய்போஸ் டீ மாதிரி கருஞ்சிவப்பாக வந்தால் உங்கள் 42,000 ரேண்ட் மிச்சம்.

தடத்துக்கென்று விற்கும் ஆயிலையே வாங்குங்கள். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதிதாக 312 டிகிரி வரை தாங்கும். காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் விலை அதிகம், ஆனால் ஈரம் இழுத்த பிறகும் 270 டிகிரி வரை நிற்கும். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஓடுகிறவருக்கு முதல் வகை போதும், ஒவ்வொரு தடவைக்கும் முன் பிரேக் குழாயிலிருந்து காற்றெடுத்துவிட்டால் சரி. எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்: டாட் 5.1 நம் வழக்கமான ஆயில் குடும்பம், டாட் 5 சிலிக்கான். இரண்டும் ஒன்றோடொன்று சேராது. "5 தான் 4ஐ விட உசத்தி" என்று விற்பவரிடம் மேற்கொண்டு பேசாமல் திரும்பிவிடுங்கள்.

அடுத்த செலவு பேட். சாதாரணச் சாலைப் பேட் 350, 400 டிகிரி தாண்டினால் திணறும். வான் ரீனன் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் இறங்கும்போது ஒரு கருகல் வாசனை வருமே, அதேதான். நீங்கள் அதே காரில் என்3 நெடுஞ்சாலை வழியாக ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போய், தடத்தில் ஓடி, அதே காரில் திரும்பப் போகிறவர். உங்களுக்கு நடுத்தர வகை சரி. ஃபெரோடோ டிஎஸ் 2500 போன்றவை ஆறியிருக்கும்போதும் பிடிக்கும், 500 டிகிரி வரையும் பிடிக்கும். கீச்சொலி போடும், சக்கரமெல்லாம் கரியாகும், வீட்டில் திட்டு விழும். முழு ரேஸ் பேடை மாட்டிக்கொண்டு விடிகாலைக் குளிரில் கணவாய் இறங்காதீர்கள். சூடேறாதவரை அது மரக்கட்டை. இன்னொன்று, பாதிக்கு மேல் தேய்ந்த பேடோடு தடத்தில் இறங்கக் கூடாது. பேட் மெலிய மெலியச் சூடு நேரே பிஸ்டனுக்கும், அதன் வழியே ஆயிலுக்கும் போகும்.

புதுப் பேடைப் பழக்க வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20க்கு எட்டுப் பத்துத் தடவை, முழுதாக நிறுத்தாமல், பிறகு நன்றாக ஆறவிட்டு. அப்போதுதான் டிஸ்கின் மேல் பேடின் மெல்லிய படலம் சீராகப் படியும். ஓட்டி முடிக்கும்போதும் கடைசிச் சுற்றை பிரேக்கைத் தொடாமல் மெதுவாகச் சுற்றிவிட்டு உள்ளே வாருங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். ஒரு காலத்தில் என் சிட்டி கோல்ஃப் காரை ஸ்வார்ட்காப்ஸ் தடத்தில் விரட்டிவிட்டு வந்து, காலை மிதியிலேயே வைத்தபடி ஜன்னல் வழியாகப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் டிஸ்கில் பேடின் உருவம் அச்சடித்தாற்போல் பதிந்திருந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரும் வரை ஸ்டீயரிங் கையில் நடுங்கியது. ஹேண்ட் பிரேக்கும் போடாதீர்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்கு அடியில் கட்டை வையுங்கள்.

பெரிய கேலிப்பர் எப்போது வேண்டும்? நல்ல ஆயில், நல்ல பேட் போட்ட பிறகும் சூடு அடங்காவிட்டால். டிஸ்கின் ஓரத்தில் பூசும் வெப்பப் பூச்சு கிடைக்கிறது. பச்சை 430, ஆரஞ்சு 560, சிவப்பு 610 டிகிரியில் நிறம் மாறும். ஓட்டிவிட்டு வந்து பாருங்கள், மூன்றும் மாறியிருந்தால் கடைக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. அப்போதும் முன்பக்கம் மட்டும் பெரிதாக்கினால் முன்பின் சமநிலை கெடுமா, உங்கள் சக்கரத்துக்குள் அது அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். ஒரே ஒரு தடவை அழுத்தி நிறுத்தும் தூரத்தைப் பெரிய பிரேக் குறைக்காது, அதைத் தீர்மானிப்பது டயர். கூடுதல் உலோகம் கூடுதல் சூட்டைத் தாங்கும், அவ்வளவே.

கேள்வி: ஐயா, ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று டிஸ்க், பேட் இரண்டும் மாற்றினார்கள். ஏழு வாரத்தில் மறுபடியும் நடுக்கம். கேட்டால், "பாகம் விற்றவரைக் கேளுங்கள்" என்கிறார்கள். பழைய டிஸ்கையும் திருப்பித் தரவில்லை. (ஃபீனிக்ஸ் வாசகி. பி.கு.: நடுவில் என் மகன் காரை ஒருநாள் டிராக்குக்கு எடுத்துப் போனான். அதை ஒர்க்‌ஷாப்பில் சொல்லவில்லை.)

பதில்: அம்மா, பின்குறிப்பில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் உங்கள் உரிமை. நம் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி, பழுதுபார்ப்பில் பொருத்திய புதுப் பாகத்துக்கும் அதைப் பொருத்திய கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் தானாகவே உண்டு. தருவது பொருத்தியவர், ஆகவே "விற்றவரைக் கேள்" என்று உங்களை அலையவிட முடியாது. 67ஆம் பிரிவுப்படி கழற்றிய பாகங்களைத் தனியாக வைத்திருந்து உங்களிடம் ஒப்படைக்க வேண்டும், நீங்களே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒழிய. பில்லில் அப்படி ஒரு கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா, பாருங்கள்.

ஆனால் அதே 57ஆம் பிரிவு, முறைகேடாகப் பயன்படுத்தினால் உத்தரவாதம் போய்விடும் என்றும் சொல்கிறது. சாலைப் பேடோடு தடத்தில் ஒருநாள் விரட்டினால் அவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். "வளைந்துவிட்டது" என்பதும் பெரும்பாலும் வளைவு அல்ல, சூட்டில் பேட் டிஸ்கின் மேல் திட்டுத் திட்டாக ஒட்டுவது. மைக்ரோமீட்டரால் டிஸ்கின் கனத்தைச் சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். டிஸ்கிலேயே குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். நடுக்கம் டிராக்குக்கு முன்பே தொடங்கியதா என்று மகனிடம் கேளுங்கள். முன்பே என்றால் எழுத்தில் புகார் கொடுங்கள், தீராவிட்டால் மோட்டார் தொழில் ஓம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பின்பு என்றால், அடுத்த செட்டுக்கு மகன் பணம் கொடுக்கட்டும்.

கேள்வி: என் கார் இன்னும் வாரன்டியில் இருக்கிறது. இணையத்தில் துளையிட்ட டிஸ்க் வாங்கினேன், நேற்றுதான் பெட்டி வந்தது. மாட்டினால் வாரன்டி போய்விடும் என்கிறார் டீலர். உண்மையா? (மிட்ராண்ட் வாசகர், சொந்த ஊர் மதுரை)

பதில்: முழுதும் உண்மையில்லை. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளன. வெளி ஒர்க்‌ஷாப், வெளியார் தயாரித்த பாகம் என்ற ஒரே காரணத்தால் மொத்த வாரன்டியையும் ரத்து செய்ய முடியாது. ஆனால் அந்தப் பாகத்தால் விளைந்த சேதம் உங்கள் தலையில்தான்.

மாட்டுவதற்கு முன் யோசியுங்கள். தடத்துக்கு என்றால் துளையிட்ட டிஸ்க் எனக்குப் பிடிக்காது. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, துளையிலிருந்து துளைக்கு விரிசல் ஓடும். துளையில்லாத, நடுவே காற்றோட்டமுள்ள டிஸ்கே போதும், வேண்டுமானால் கோடு வெட்டியது. நேற்று வந்த பெட்டி என்பது நல்ல வேளை. மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டத்தின் 44ஆம் பிரிவுப்படி, பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம், திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. பெட்டியைக் கிழிக்காதீர்கள்.

கேள்வி: தடத்தில் காரை இடித்தால் இன்ஷூரன்ஸ் கொடுக்குமா? (டோங்காட் வாசகர்)

பதில்: சாதாரணக் கார் பாலிசிகளில் பந்தயம், வேகச் சோதனை, தட ஓட்டம் எல்லாம் விலக்குப் பட்டியலில் இருப்பதுதான் வழக்கம். "நான் யாரோடும் போட்டியிடவில்லை" என்ற வாதம் அந்த வரியின் வாசகத்தைப் பொறுத்தது. ஏஜென்ட்டிடம் வாயால் கேட்காமல் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போன வருஷம் திறந்த பிரேக் ஆயில் பாதிப் புட்டி கராஜில் இருக்கிறது. மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. பயன்படுத்தலாமா? (வெருலம் வாசகர்)

பதில்: வேண்டாம். புட்டிக்குள் பாதி இடத்தில் இருப்பது வெருலம் காற்று. இனி அரை லிட்டர் புட்டிகளாக வாங்குங்கள், முழுதாக மாற்றச் சுமார் ஒரு லிட்டர் ஆகும், வெறுமனே காற்றெடுக்க ஒரு புட்டி போதும். பழையதைச் சாக்கடையில் ஊற்றாமல், கழிவெண்ணெய் எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் பிரேக் ஆயில் என்று சொல்லிக் கொடுங்கள். கொண்டுபோகும் வழியில் காரின் பெயின்ட் மேல் சிந்திவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்டை உரித்துவிடும்.