நான்கு பேர், நான்கு பாட்டு

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் இரண்டு வருடமாகக் கீபோர்டு கற்றுக்கொள்கிறாள். வகுப்பு முடியும்வரை வெளியே செருப்புகளுக்குக் காவல் இருப்பானேன் என்று நானும் சேர்ந்துவிட்டேன். வயது 47. சின்ன வயதில் கீதம் வரை வாய்ப்பாட்டு. அப்புறம் கேட்பதோடு சரி.

மூன்று சந்தேகங்கள். டோ ரே மி என்பது நம் ஸ ரி க ம தான், பெயர் மட்டும்தான் வேறு என்கிறார் மாஸ்டர். சரியா? இரண்டாவது, மேற்கத்திய இசையை ஆதியிலிருந்தே கேட்போம் என்று கிரிகோரியன் சாண்ட் (தேவாலயங்களின் பழைய லத்தீன் துதிப்பாட்டு) கேட்டேன். ஒரே ராகப் போக்கு, தாளம் கிடையாது, விருத்தம் கேட்பது போல இருந்தது. மிகவும் பிடித்தது. ஆனால் அடுத்த நூற்றாண்டுகளுக்கு வந்தால் நான்கு பேர் ஒரே நேரத்தில் நான்கு பாட்டுப் பாடுகிறார்கள். நன்றாக இருந்ததை ஏன் இப்படி ஆக்கிக்கொண்டார்கள்? மூன்றாவது, நோட்டில் தாளத்தைக் காட்ட 4/4 என்று போட வேண்டிய இடத்தில் சில பாட்டுகளுக்கு 'சி' என்ற எழுத்து இருக்கிறது. 'காமன் டைம்' என்பதன் சுருக்கம் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

முதல் கேள்வியில் மாஸ்டர் சொன்னது முக்கால் சரி. மீதிக் கால் எங்கே என்று தேடிப் போனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வந்துவிடலாம்.

7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினில் செவில் நகரத்து ஆயர் இசிதோர், தன் காலத்து அறிவையெல்லாம் திரட்டி ஒரு கலைக்களஞ்சியம் எழுதினார். இசையைப் பற்றிய பகுதியில், ஒலிகளை மனிதன் நினைவில் வைத்துக்கொள்ளாவிட்டால் அவை அழிந்துபோகும், ஏனென்றால் அவற்றை எழுத முடியாது என்கிறார். அதே காலத்தை ஒட்டி இங்கே புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில், ர ரி ரு ரெ என்று உயிரை மாற்றி மாற்றி ஸ்வரங்களைப் பாறையில் வரிவரியாக வெட்டிவைத்திருக்கிறார்கள். (உடனே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். கதை இன்னும் இருக்கிறது.)

ஐரோப்பியத் துறவிகள் 9-ஆம் நூற்றாண்டில் பாட்டு வரிகளுக்கு மேல் சின்னச் சின்னக் கீறல்கள் போட ஆரம்பித்தார்கள். நியூம் என்று பெயர். குரல் இங்கே ஏறுகிறது, இங்கே வளைந்து இறங்குகிறது என்று அது சொல்லும். எங்கிருந்து எவ்வளவு ஏறுகிறது என்பதைச் சொல்லாது. சுவிட்சர்லாந்தில் செயின்ட் கால் மடத்தில் 920-களில் எழுதிய ஏடு ஒன்று இன்றும் இருக்கிறது. எறும்பு மையில் நடந்து போனது போல அவ்வளவு அழகான கீறல்கள். பாட்டு ஏற்கெனவே மனப்பாடமாக இருப்பவருக்கு அது நினைவூட்டும். தெரியாதவருக்குப் பிரயோஜனம் இல்லை.

அந்தப் 'பிரயோஜனம் இல்லை' தான் குய்தோவை வதைத்தது. வட இத்தாலியில் பொம்போசா மடத்தில் பையன்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் துறவி. பத்து வருடம் படித்தாலும் அரைகுறையாகத்தான் பாடுகிறார்கள் என்று எரிச்சலோடு எழுதியிருக்கிறார். தன் முறையில் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருடம் போதும் என்றார். இப்படிச் சொல்லும் ஆசிரியரைச் சக ஆசிரியர்கள் எங்காவது கொண்டாடியிருக்கிறார்களா? பொறாமை தாங்காமல் கிளம்பி அரெஸ்ஸோவுக்குப் போய்விட்டார். 1026 வாக்கில் அங்கேதான் தன் பாடநூலை எழுதினார்.

செய்தது இரண்டு காரியம். ஒன்று, கோடு. கோட்டிலும் கோடுகளுக்கு இடையிலும் ஸ்வரங்களை வைத்து, இன்ன கோடு இன்ன ஸ்வரம் என்று நிறத்தால் அடையாளம் காட்டினார். எஃப் என்ற ஸ்வரம் இருக்கும் கோடு சிவப்பு, சி என்ற ஸ்வரம் இருக்கும் கோடு மஞ்சள். உங்கள் நோட்டில் இருக்கும் ஐந்து கோடுகளுக்கு இதுதான் பாட்டன். இரண்டாவது, பெயர். புனித யோவானைப் பற்றிய ஒரு துதிப்பாட்டில் ஒவ்வொரு சிறு வரியும் முந்தைய வரியைவிட ஒரு ஸ்வரம் மேலே தொடங்குகிறது: உத் க்வேயான்த் லாக்ஸிஸ், ரெசொனாரே ஃபீப்ரிஸ், மீரா ஜெஸ்தோரும், ஃபாமுலி துவோரும், சோல்வே பொல்லூத்தி, லாபியி ரேயாதும். வரிகளின் முதல் அசைகளை மட்டும் எடுங்கள். உத், ரே, மி, ஃபா, சோல், லா. பாட்டுத் தெரிந்த பையனுக்கு எந்த ஸ்வரமும் கைவசம். ஃபா வேண்டுமா, நான்காவது வரியை மனதுக்குள் எடுத்துக்கொண்டால் சரி. ஏழாவது ஸ்வரத்தின் பெயரான 'சி' (மேலே சொன்ன எழுத்து சி அல்ல) வெகுகாலம் கழித்து வந்தது; வாயில் நுழையாத 'உத்' 17-ஆம் நூற்றாண்டில் 'டோ' ஆனது.

சேதி ரோம் வரை போய், போப் 19-ஆம் யோவான் குய்தோவை அழைத்தார். அந்தச் சந்திப்பை குய்தோவே ஒரு நண்பருக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். போப் அந்தப் பாட்டு ஏட்டை ஏதோ அதிசயம் போலப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாராம். முன்பின் கேட்டறியாத ஒரு வரியைத் தானே படித்துப் பாடிக்காட்டும்வரை இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லையாம். கேட்காத பாட்டை ஒருவர் தாளைப் பார்த்துப் பாடுகிறார்! இசிதோர் முடியாது என்ற காரியம். ரோமாபுரியின் கோடை உடம்புக்கு ஆகாமல் குய்தோ சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

சரி, அந்தக் கால் பங்குக்கு வருகிறேன். நமக்கு ஸ என்பது தம்புரா பிடித்துக்கொண்டிருக்கும் ஸ்வரம். பாட்டு எங்கே போனாலும் அதைப் பார்த்துக்கொண்டேதான் போகும். உத்துக்கு அந்த மரியாதை கிடையாது. மி-க்கும் ஃபா-வுக்கும் நடுவே அரை ஸ்வர இடைவெளி என்பது ஒன்றுதான் அந்த ஆறு பெயர்களின் சட்டம். பாட்டு ரே-யில் நிலைகொள்ளலாம், மி-யில் நிலைகொள்ளலாம். மேலே சொன்ன யோவான் பாட்டே முடிவது ரே-யில்தான். ரே-யில் முடியும் பாட்டை நம் காது கேட்டால் அந்த இடத்தை ஸ ஆக்கிக்கொண்டுவிடும். அப்போது கிடைப்பவை கரஹரப்பிரியாவின் ஸ்வரங்கள். மி-யில் முடிந்தால் தோடி, ஃபா-வில் கல்யாணி, சோல்-இல் ஹரிகாம்போதி. கமகம் கிடையாது என்பதால் ராகம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உங்களுக்கு விருத்தம் ஞாபகம் வந்ததில் ஆச்சரியமில்லை. முதல் நாள் வகுப்பில் கொடுத்திருப்பார்களே சி மேஜர், நம் சங்கராபரணம், அது அவர்களுடைய மோடுகளின் (ஸ்வர வரிசைகளின்) பட்டியலில் முறைப்படி ஏறியது 1547-ல், கிளாரியன் என்ற சுவிஸ் அறிஞர் எட்டு மோடுகளைப் பன்னிரண்டாக்கியபோது. நீங்கள் முதல் பாடம் என்று நினைப்பது அங்கே வெகு தாமதமாக வந்த பாடம்.

இப்போது நான்கு பேர், நான்கு பாட்டு.

தொடக்கத்தில் இரண்டு பேர், ஒரே பாட்டு. ஒருவர் ஸ-வில் ஆரம்பித்தால் இன்னொருவர் ப-விலோ ம-விலோ ஆரம்பித்து நிழல் போலக் கூடவே போவார். 9-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இதை ஒரு நூல் விவரிக்கிறது, அதாவது குய்தோவுக்கு முன்பே. எழுத்து வந்ததால்தான் பல குரல் வந்தது என்று சொல்லிவிடுகிறார்கள், அது பொருந்தாது. காகசஸ் மலைப் பக்கத்து ஜார்ஜியாவின் கிராமங்களில் எந்தத் தாளும் இல்லாமல் மூன்று குரலில் பாடிவிடுகிறார்கள். ஆனால் கோடு வந்த பிறகு ஒரு வசதி. உயரமான ஸ்வரம் தாளிலும் உயரத்தில் இருக்கிறது. ஒரு வரிக்கு மேல் இன்னொரு வரியை வைத்து, இது ஏறும்போது அது இறங்கட்டும் என்று உட்கார்ந்து யோசிக்கலாம். குடுமியான்மலை எழுத்து இன்ன ஸ்வரம் என்று பெயர் சொல்கிறது. கோடு அந்த ஸ்வரத்தைப் படமாகக் காட்டுகிறது. என் கணக்கில் பெரிய வித்தியாசம் அங்கேதான்.

இதை அளவுக்கு மீறிச் செய்து பார்த்த ஊர் பாரிஸ். 1163-ல் நோத்ர் தாம் பேராலயத்தின் கட்டுமானம் தொடங்குகிறது. அங்கே லியோனின், பெரோட்டின் என்று இரண்டு இசையமைப்பாளர்கள் இருந்தார்கள் என்பது பின்னாளில் பெயரில்லாத ஒருவர் எழுதிய குறிப்பால்தான் நமக்குத் தெரிகிறது. பெரோட்டின் நான்கு குரலுக்கு அமைத்த 'விதேருந்த் ஓம்னெஸ்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டைத் தேடிக் கேளுங்கள். அடியில் ஒரு குரல் பழைய சாண்டைத்தான் பாடுகிறது, ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்தையும் இழுத்து இழுத்து. 'வி' என்ற ஒரே அசையில் ஒரு நிமிடம் போல நிற்பார்கள். இழுத்துப் பிடிக்கும் அந்தக் குரலுக்குத்தான் டெனர் என்று பெயர். லத்தீனில் 'பிடித்துக்கொள்' என்று பொருள். மேலே மூன்று குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஆடும். உங்களுக்குப் பிடித்த சாண்டை அவர்கள் தூக்கி எறிந்துவிடவில்லை, தம்புராவாக்கி அடியில் வைத்துவிட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

மூன்று பேர் துரத்தினால் யார் எப்போது வந்து சேர்வது என்று கணக்கு வேண்டும். நீங்கள் சொன்ன தாளமில்லாத சுகம் போனது இதனால்தான். முதலில் நெடில், குறில் மாதிரி ஆறு நடைகள் வகுத்தார்கள். பிறகு, 1280-ஐ ஒட்டி, கொலோன் நகரத்து ஃபிராங்கோ ஸ்வரத்தின் வடிவத்தைப் பார்த்தே அதன் நீளத்தைச் சொல்லும்படி விதிகள் எழுதினார். 14-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் அது இன்னும் கூர்மையானது. மூன்றாகப் பிரியும் காலம் பூரணம், ஏனென்றால் பரிசுத்த திரித்துவம் மூன்று. அதற்கு அடையாளம் முழு வட்டம். இரண்டாகப் பிரியும் காலம் குறையுள்ளது. அதற்கு ஒரு பக்கம் திறந்த வட்டம். உங்கள் நோட்டில் இருக்கும் 'சி' அந்தக் குறைவட்டம்தான். எழுத்தே கிடையாது. மாஸ்டரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

உங்கள் புகாரில் உங்களுக்குத் துணைக்கு ஆள் உண்டு. அவிஞ்ஞோனில் இருந்த போப் 22-ஆம் யோவான் 1324-25-ல் இதே புகாரை ஆணையாகவே போட்டார். புதுப் பாட்டுக்காரர்கள் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள், காதுக்குப் போதை ஏற்றுகிறார்கள், ஆறுதல் தருவதில்லை என்று. பெரிதாக எதுவும் நிற்கவில்லை. அதே நூற்றாண்டில் ரான்ஸ் பேராலயத்துக் கியோம் தெ மாஷோ பூசைப் பாடல் முழுவதையும் நான்கு குரலில் ஒரே ஆளாக அமைத்துவிட்டார்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கால இசை காதில் கொஞ்சம் எலும்பாகத்தான் இருக்கும். ஸ-ப, ஸ-ம சேர்க்கைகள்தான் அவர்களுக்கு ஓய்வெடுக்கும் இடம். ஸ-வும் அந்தர காந்தாரமும் (சங்கராபரணத்தின் க) சேர்ந்தால் நமக்கு இனிக்கிறது, அவர்களுக்கு உறுத்தியது. காரணம் சுருதிக் கணக்கு. ஸ-விலிருந்து பஞ்சமம் பஞ்சமமாக நான்கு தாண்டு தாண்டி, இரண்டு ஸ்தாயி கீழே இறக்கிக் காந்தாரத்தைப் பிடித்தால் அதிர்வெண் விகிதம் 81/64 என்று வரும். தம்புராவின் மந்தர ஸ்வரத்தில் தானாகக் கேட்குமே ஒரு காந்தாரம், அது 5/4, அதாவது 80/64. சின்ன வித்தியாசம்தான், ஆனால் இரண்டு குரல் நீட்டிப் பிடித்தால் துருத்தும். இங்கிலாந்துக்காரர்கள் மட்டும் காந்தாரத்தைக் கூசாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். 1453-ல் இறந்த அவர்களுடைய இசையமைப்பாளர் டன்ஸ்டபிளின் பாட்டைக் கேளுங்கள்; திடீரென்று சதை பிடித்திருக்கும். பிரெஞ்சுப் பக்கத்து டுஃபே முதலானவர்கள் அந்த இனிப்பை எடுத்துக்கொண்டார்கள். 1477-ல் டிங்டோரிஸ் என்ற இசையறிஞர், கடந்த 40 ஆண்டுகளுக்கு முன்னால் அமைத்ததில் கேட்கத் தகுந்தது எதுவும் கிடையாது என்று எழுதிவைத்தார். மறுமலர்ச்சி இசை என்று நாம் சொல்வது இவர்கள் தலைமுறையிலிருந்துதான்.

உங்கள் காது தடுமாறுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. கீபோர்டில் உங்களுக்கு வலது கைக்கு மெட்டு, இடது கைக்கு கார்ட் (சேர்த்து அழுத்தும் ஸ்வரங்கள்). அதே வழக்கத்தில் இந்தப் பாட்டுகளிலும் 'எது மெட்டு?' என்று தேடுகிறீர்கள். அவர்களுக்கு கார்ட் என்ற நினைப்பே கிடையாது. 15-ஆம் நூற்றாண்டுப் பாடற்குழுவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உயரமான சாய்மேசையில் ஒரே ஒரு பெரிய ஏடு, சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். விரித்த பக்கத்தில் இடது மேலே ஒரு குரலின் வரி முழுவதும், அதற்குக் கீழே இன்னொன்று, வலது பக்கத்தில் மற்றவை. ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று என்று கிடையாது, தாளக் கோடும் கிடையாது. தன் வரியைத் தான் பாட வேண்டும், மற்றதைக் காதால் பிடிக்க வேண்டும். 1501-ல் வெனிஸில் பெத்ருச்சி என்ற அச்சுக்காரர் பல குரல் இசையை அச்சடித்தபோதும் குரல்களைத் தனித்தனியாகத்தான் வைத்தார்.

அதனால் உட்கார்ந்து கேட்பதோடு நிறுத்தாமல் மகளோடு சேர்ந்து பாடிப் பாருங்கள். இங்கிலாந்தின் ரெடிங் மடத்திலிருந்து வந்த, 13-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய பாட்டு ஒன்று இருக்கிறது: 'சுமர் இஸ் இகுமென் இன்'. கோடை வந்துவிட்டது, குயிலே கூவு என்று சும்மா ஒரு சந்தோஷம். ஸ்வரங்கள் நம் சங்கராபரணம்தான், மெட்டு ஒன்றுதான். ஏட்டில் முதல் வரி முடியும் இடத்தில் ஒரு சிலுவைக்குறி போட்டிருக்கிறது. முன்னால் பாடுகிறவர் அதைத் தாண்டியதும் அடுத்தவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று பக்கத்திலேயே குறிப்பு. நீங்கள் ஆரம்பியுங்கள், சிலுவை வந்ததும் மகள் சேர்ந்துகொள்ளட்டும். முதல் ஒரு வாரம் அவளுடைய வரிக்கு வழுக்கிப் போய்விடுவீர்கள். பள்ளியில் பாடற்குழுவில் நின்றபோது எனக்கும் அதே கதிதான். பக்கத்தில் நின்றவன் வரியை நான் பாட, அவன் என் வரியைப் பாட, நடத்தியவர் எங்கள் இரண்டு பேரையும் வாயை மட்டும் அசைக்கச் சொல்லிவிட்டார். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு பாடினால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம்.

அன்புடன்