நடப்பதை வார்த்தைகளால் அப்படியே சொல்லிவிட முடியுமா?

தத்துவமாகப் பதில் சொல்ல எனக்கு வராது. எனக்குப் பழக்கமான ஒரு விஷயத்தை வைத்துச் சொல்கிறேன்: வலி. அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். வருகிறவர் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் முதல் வேலை. நான் பார்த்தவரை, எந்த மாதிரி வலி என்று சொல்ல வார்த்தை நன்றாகக் கைகொடுக்கும். எவ்வளவு வலி என்று கேட்டால் திணறிவிடும்.

"உள்ளங்கால் எரியுது சிஸ்டர், தரையில கால் வச்சா பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு" என்று ஒருவர் சொன்னாலே, சர்க்கரை நோய் நரம்பைப் பாதித்திருக்குமோ என்ற சந்தேகம் வந்துவிடும். "இடுப்புல ஆரம்பிச்சு கெண்டைக்கால் வரைக்கும் சுண்டி இழுக்குது" என்றால் முதுகுத்தண்டுப் பக்கம் நரம்பு அழுந்துகிறதா என்று பார்ப்பார்கள். ஸ்கேனெல்லாம் அப்புறம்தான். குத்துது, குடையுது, கடுக்குது, விண்விண்ணு தெறிக்குது: ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. மெக்கில் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் மெல்சாக் 1975-ல் வெளியிட்ட வலி வினாத்தாளே இந்த நம்பிக்கையில் எழுந்ததுதான். 78 சொற்கள், 20 தொகுதிகள். தனக்குப் பொருந்துவதை நோயாளி எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் இதே வார்த்தை காலை வாரிவிடும் இடமும் உண்டு. "நெஞ்சு வலிக்குதாய்யா?" என்று கேட்டால், வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருக்கும் பெரியவர் "வலியெல்லாம் இல்ல சிஸ்டர், பாரமா இருக்கு, அவ்வளவுதான்" என்பார். அவர் சொல்வது உண்மைதான். மாரடைப்பு பலருக்குக் குத்துவலியாக வராது. அமுக்கமாக, இறுக்கமாகத்தான் இருக்கும். "வலி இல்லை" என்று மட்டும் எழுதிக்கொண்டு நகர்ந்தால் ஆள் போய்விடுவார். அதனால் "நெஞ்சுல என்ன பண்ணுது?" என்று கேட்பேன். சிலர் பதிலே சொல்லாமல் மூடிய கையை நெஞ்சின் நடுவில் வைத்துக் காட்டுவார்கள். அந்தச் சைகைக்கு லெவின் அறிகுறி என்று மருத்துவத்தில் பெயரே இருக்கிறது. உடனே இ.சி.ஜி.தான்.

இதைவிட எனக்குப் பயம் 'கேஸ்', அதாவது வாயுத் தொல்லை, என்ற சொல்லைக் கண்டுதான். "கேஸா இருக்கும்" என்று வீட்டில் யாராவது ஆரம்பித்துவிட்டால் போதும், எல்லோருக்கும் பதற்றம் அடங்கிவிடும். ஒரு சோடா, கொஞ்சம் ஓம வாட்டர், சாய்ந்து ஓர் ஓய்வு. இதயத் தசைக்கு ரத்தம் போகாத நேரம் அப்படியே கழிந்துகொண்டிருக்கும்.

இனி அளவுக்கு வருகிறேன். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி என்று எல்லோரிடமும் கேட்கிறோம். ஒருவர் போனை நோண்டிக்கொண்டே "பத்து" என்பார். மணிக்கட்டு முறிந்து வந்த அம்மா "ஒரு நாலு இருக்கும்" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை, அவரவர் பத்து வேறு. அதனால் ஒருவருடைய எண்ணை இன்னொருவருடையதோடு ஒப்பிடுவதில் பயனில்லை. ஊசி போடுமுன் எட்டு, அரை மணி கழித்து ஐந்து என்று அதே ஆளுக்குப் பார்த்தால்தான் அது உதவும்.

சொல்லவே தெரியாதவர்கள் கதைதான் கொடுமை. பச்சிளங்குழந்தைக்கு நரம்பு மண்டலம் முதிரவில்லை, வலி அவ்வளவாகத் தெரியாது என்று நம்பி, 1980-களிலும் மேலை நாடுகளில்கூடப் போதிய மயக்க மருந்தில்லாமல் அறுவை செய்திருக்கிறார்கள். 1987-ல் ஆக்ஸ்ஃபோர்டில் கே.ஜே.எஸ். ஆனந்த் குழுவினர், வலி மருந்து கொடுத்த குறைமாதக் குழந்தைகளின் உடல் அறுவையை எவ்வளவோ நன்றாகத் தாங்குகிறது என்று காட்டிய பிறகுதான் போக்கு மாறத் தொடங்கியது. வலி என்றால் என்ன என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979-ல் தந்த வரையறையில், 'உடல் திசு பாதிக்கப்பட்டதுபோல் விவரிக்கப்படுவது' என்ற பொருளில் ஒரு சொற்றொடர் இருந்தது. விவரிக்க முடியாதவர் என்ன செய்வார்? 2020-ல் அதை எடுத்துவிட்டார்கள். சொல்ல இயலாததால் வலி இல்லை என்று ஆகிவிடாது என்ற குறிப்பும் இப்போதைய வரையறையோடு இருக்கிறது.

பேச்சு வராத குழந்தைக்கு இப்போது முகம், கால், உடல் அசைவு, அழுகை, தூக்கினால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட்டுக் கூட்டுகிறோம். பெற்றவள் "இது பசி அழுகை இல்ல சிஸ்டர்" என்றால் அதையும் ஓரத்தில் எழுதிவைப்பேன். அந்த அட்டவணையில் அதற்குக் கட்டம் கிடையாது.