முப்பது ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞருக்கு மறுபடியும் நெறி வகுப்பு எதற்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நெடுங்காலம் தொழில் நடத்தும் ஒருவருக்குத் தொழில்நெறிப் பயிற்சி வீண் செலவன்றோ என்று கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில், அனுபவம் மிகுந்தவருக்கே அது கூடுதலாகத் தேவைப்படுகிறது.

தோட்டப்புற ஊரில் வழக்கறிஞர்கள் சிலரே. ஆகவே கோயில் நிர்வாகத்தில் அமர்ந்திருக்கும் வழக்கறிஞரிடமே அந்த நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடுக்க விரும்பும் உறுப்பினரும் வந்து நிற்பார், முன்பு அந்த உறுப்பினருடைய தந்தையின் உயிலை எழுதியவரும் இதே வழக்கறிஞராகவே இருப்பார். இத்தகைய நலன் முரண்பாட்டைச் சட்டப் புத்தகத்தைப் படித்து மட்டும் உணர முடியாது. சக வழக்கறிஞர்களோடு உண்மையான சூழல்களை விவாதிக்கும்போதுதான், எந்தக் கட்டத்தில் விலகியிருக்க வேண்டும் என்பது புலப்படும். (பழக்கமே கண்ணை மறைக்கும் என்பதை நானும் தாமதமாகவே உணர்ந்தேன்.)

நெறிகளுக்கு அடித்தளம் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டமும் 1978ஆம் ஆண்டு நடைமுறை, ஒழுக்க விதிகளும்தாம். வீடமைப்பு நிறுவனத்துக்கும் வீடு வாங்குபவருக்கும் ஒரே வழக்கறிஞர் செயல்படுவதை அச்சட்டம் தடுக்கிறது. கட்சிக்காரரின் வைப்புத்தொகையைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டுமென்பதை 1990ஆம் ஆண்டுக் கணக்கு விதிகள் வலியுறுத்துகின்றன. புகார் எழுந்தால் ஒழுங்கு நடவடிக்கை வாரியம் விசாரிக்கும். வாட்ஸ்அப்பில் ஆவணம் அனுப்பும் இக்காலத்து இரகசியக் காப்பைப் பற்றி 1978இல் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.