எண்ணெயை எடுத்துவிடுங்கள்: பெரிலீன் படிகத்தில் அலைவரிசை முகடுகள் வராததற்கு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருக்கும் தம்பிக்கு, பெரிலீன் என்ற ஒளிரும் கரிமச் சேர்மத்தின் 10 மைக்ரான் சதுரப் படிகத் தகடு ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்கிறது, நிறமாலையில் மட்டும் முகடுகளே இல்லை என்கிறீர்கள். காரணம் நீங்கள் வைக்கும் 100 மடங்கு எண்ணெய் லென்ஸ்தான். சதுரத்துக்குள் ஒளி ஓரங்களில் 45 பாகையில் மோதிச் சுற்றுகிறது; அந்தச் சுற்றுக்குப் பொருந்தும் அலைநீளங்கள் மட்டும் வலுத்து முகடுகளாகின்றன (இதுதான் ஒத்ததிர்வு). காற்றில் படிகத்தின் ஒளிவிலகல் எண் 1.42 இருந்தாலே முழு அகப் பிரதிபலிப்பு (ஒளி வெளியேறாமல் உள்ளேயே திரும்புவது) கிடைக்கும். ஓரத்தில் எண்ணெய் தொட்டால் 2.15 வேண்டும், இல்லையேல் ஒளி கசிந்துவிடும். எண்ணெயைப் போக்கத் தகட்டை டொலுயீன் கரைப்பானில் கழுவாதீர்கள், கரைந்து ஓரம் மழுங்கிப்போகும். புதுத் தகடு எடுங்கள்.

50 மடங்கு உலர் லென்ஸ் போடுங்கள். தனித்து நிற்கும், விளிம்பு கத்திபோல் கூர்மையான ஒரே தகட்டில் லேசரைக் குவியுங்கள். கூட்டமாக ஒளிரவிட்டால் முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மொழுக்கென்ற மேடாகிவிடும். அடுத்தடுத்த முகடுகளின் இடைவெளி = அலைநீளம்² ÷ (குழு ஒளிவிலகல் எண் × சுற்றுப்பாதை). குழு எண் என்பது அலைநீளத்தோடு ஒளிவிலகல் எண் மாறுவதையும் சேர்த்துக் கணக்கிடுவது. பாதை 2.83 × பக்கம். 600 நானோமீட்டரில், குழு எண் 2 எனக் கொண்டால் உங்கள் 10 மைக்ரான் தகட்டுக்கு சுமார் 6.4 நானோமீட்டர், ஆகவே கருவியின் பிரிதிறன் 1 நானோமீட்டருக்குள் இருக்கட்டும். பிறகு 20 மைக்ரான் தகட்டையும் பாருங்கள். இடைவெளி பாதியானால் அது ஒத்ததிர்வேதான்.

புதுத் தகடு வளர்க்கும்போது, இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் பெரிலீன் கரைசலைத் திறந்து உலரவிடாதீர்கள். ஈரம் படிந்தால் பரப்பு சொரசொரக்கும். சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பா போதும்.